வீட்டுக் கொல்லையிலேயே இயற்கையைப் பார்க்கச் சொன்னவர்: யார் இந்த மா. கிருஷ்ணன்?

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் ஃப்ளாட்டில் இருக்கும் பலர் பால்கனியில் ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு பிடி அரிசியும் வைப்பதுண்டு. காகம் வரும், புறா வரும். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டே வந்து போகும். தினமும் பார்க்கிற இந்தப் பறவைகளில் எழுத என்ன இருக்கு என்று தோணலாம். ஆனால், யானையையும் காட்டெருமையையும் எழுதிய அதே கவனத்தோடு காகத்தையும் குயிலையும் 46 ஆண்டுகள் எழுதியவர் ஒருவர் சென்னையில் இருந்தார். அவர்தான் மா. கிருஷ்ணன்.

எங்கே வளர்ந்தார்?

1912 ஜூன் 30-ல் பிறந்தவர். ‘பத்மாவதி சரித்திரம்’ நாவலை எழுதிய அ. மாதவையாவின் எட்டுப் பிள்ளைகளில் கடைசி. மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், அதாவது இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், குடும்ப வீடு. அந்தக் காலத்து மயிலாப்பூரில் வெட்டவெளியும் புதர்க்காடும் மிச்சமிருந்தன, நரிகள்கூட உண்டு. பறவை பார்க்க அவர் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை.

13 வயதில் அப்பாவை இழந்தார். மாநிலக் கல்லூரியில் படித்தபோது, தாவரவியல் பேராசிரியர் பைசனோடு நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்குச் சென்று செடிகொடிகளைக் கற்றார். சட்டமும் படித்தார்.

சம்பளத்தை விட்டு எழுத்துக்கு

1942-ல் இன்றைய கர்நாடகத்தில் உள்ள சந்தூர் சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆசிரியர், நீதிபதி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று பல பொறுப்புகள். 1949-ல் அந்த சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. சென்னை திரும்பிய கிருஷ்ணன், அதற்குப் பிறகு மாதச் சம்பள வேலைக்குப் போகவில்லை. எழுத்து, ஓவியம், புகைப்படம் ஆகியவைதான் பிழைப்பு. இயற்கையை எழுதியே குடும்பம் நடத்துவது அன்றைக்கு ரொம்பப் பெரிய துணிச்சல்.

1950-ல் ‘ஸ்டேட்ஸ்மேன்’ ஆங்கில நாளிதழில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் பத்தியைத் தொடங்கினார். பெயர் ‘கன்ட்ரி நோட்புக்’. காட்டு விலங்குகளோடு காகம், மைனா, அணில், பல்லி எல்லாமே அதில் வந்தன. தமிழிலும் எழுதினார். அந்தக் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த நூல்தான் ‘மழைக்காலமும் குயிலோசையும்’.

அவருடைய முறை எளிமையானது. ஒரே இடத்தில் பொறுமையாக இருந்து, பறவை என்ன செய்கிறது என்று பார்ப்பது, பார்த்ததை மட்டும் எழுதுவது. இதைக் குயிலிடமே சோதித்துப் பார்க்கலாம். கோடையில் அதன் குரலை எல்லோரும் கேட்கிறோம். ஆனால், பெண் குயில் கறுப்பே இல்லை, புள்ளிகள் நிறைந்த பழுப்பு நிறம் என்பதும், காகத்தின் கூட்டில் அது முட்டையிடுவதும் நின்று பார்ப்பவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

எதில் பிடிவாதம்?

இந்த மண்ணின் மரங்கள் விஷயத்தில். பூ அழகாக இருக்கிறது என்பதற்காக வெளிநாட்டு மரங்களை நடும் பழக்கத்தை அவர் கடுமையாக விமர்சித்தார். தென்சென்னைப் புறநகருக்கு இது இன்று நேரடியாகப் பொருந்தும். தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழும்போது கொல்லையில் நின்ற வேம்பும் முருங்கையும் மாமரமும் முதலில் போகின்றன. பால்கனியில் வைக்கும் அரிசியால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூட தன் குஞ்சுக்குப் புழுவையும் பூச்சியையும்தான் ஊட்டும். குயிலுக்கும் குக்குறுவானுக்கும் ஆல், அரசு, அத்திப் பழங்கள் வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் வைப்பது நல்லதுதான். பக்கத்தில் ஒரு மரமும் இருந்தால் பறவை தங்கும்.

கடைசிப் பத்தி

பல பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கேமராவால், கறுப்பு வெள்ளையில் மட்டும் அவர் படம் எடுத்தார். பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. பத்தி மட்டும் நிற்கவே இல்லை. 1996 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை, 83 வயதில் காலமானார். அன்றைக்கும் அவருடைய கட்டுரை அச்சில் வந்திருந்தது.

அதே பிப்ரவரி மாத நடுவில்தான் உலகம் முழுக்க நான்கு நாட்கள் கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. 2013 முதல் இந்தியாவிலிருந்தும் பலர் கலந்துகொள்கிறார்கள். மொட்டை மாடியிலோ பால்கனியிலோ 15 நிமிடம் நின்று, வந்த பறவைகளை எண்ணி, மொபைலில் ‘இ-பேர்ட்’ ஆப்பில் பதிந்தால் போதும். காகமும் அந்தக் கணக்கில் சேரும்.