அட்டையில் எழுந்த நாதம்

கிட்டார் வாங்க விரும்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, முதுகுப் பலகை ஈட்டி மரமா என்பதைத்தான். அவர்களுக்கு நான் அந்தோனியோ தெ தோரெஸின் வரலாற்றைச் சொல்வது வழக்கம்.

1817இல் ஸ்பெயின் நாட்டின் அல்மேரியாவில் பிறந்த அவர், சிறுவயதிலேயே தச்சுத் தொழில் கற்றார். வறுமையும் இளம் மனைவியின் மறைவும் அவரை வாட்டின. பின்னர் செவில் நகரில் கிட்டார் செய்யலானார். கருவியின் உடலைப் பெரிதாக்கினார். மெல்லிய ஸ்புரூஸ் மேற்பலகைக்கு அடியில் ஏழு சட்டங்களை விசிறிபோல் ஒட்டினார். நாதத்தின் உயிர் மேற்பலகையே என்பது அவர் துணிபு. அதனை மெய்ப்பிக்க 1862இல் முதுகையும் பக்கங்களையும் வெறும் அட்டையால் செய்தார்! அக்கருவி பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் உள்ளது. 1864இல் அவர் மேப்பிள் மரத்தில் செய்த கிட்டாரையே மேதை தாரெகா பல்லாண்டுகள் வாசித்தார். இத்தகைய கலைஞர் இடையில் சில ஆண்டுகள் பீங்கான் கடை நடத்த நேர்ந்தது. 1875 முதல் மீண்டும் உளி பிடித்தவர், 1892இல் மறைந்தார்.

முதுகு மரம் ஒலிக்கு வண்ணம் கூட்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் கைப்பணம் குறைந்த மாணவர் முதலில் பார்க்க வேண்டியது, மேற்பலகை ஒட்டுப்பலகையா, முழு மரமா என்பதே. விரலால் மென்மையாக மீட்டுவோர்க்குச் செடார், ஓங்கி வாசிப்போர்க்கு ஸ்புரூஸ் பொதுவாக ஏற்றவை. ஈட்டி இல்லையே என ஏங்க வேண்டாம், அட்டையே பாடியிருக்கிறது!