காங்கிரஸ் ஹியூமும் காணாமல் போன ஆந்தையும்!

மல்லசமுத்திரம் பக்கம் பழைய புளியமரப் பொந்திலிருந்து சாயங்காலம் எட்டிப் பார்க்கும் புள்ளி ஆந்தையைப் பார்த்திருப்பீங்க. ஏறக்குறைய அதே சைஸில், தலையில் புள்ளிகள் மங்கலாக உள்ள ஒரு சொந்தக்கார ஆந்தை மத்திய இந்தியக் காடுகளில் இருக்கு. பெயர் ஃபாரஸ்ட் ஆவ்லெட். அதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் யாருன்னு தெரியுமா? காங்கிரஸைத் தொடங்கியவர்னு பள்ளிக்கூடத்தில் படிச்சோமே, அதே ஏ.ஓ.ஹியூம்தான்.

1829-ல் இங்கிலாந்தில் பிறந்தவர், 20 வயதில் சிவில் சர்வீஸ் வேலைக்காக இந்தியா வந்தார். வேலை அரசாங்கத்துக்கு, மனசு பறவைகளுக்கு. பிளெவிட் என்ற அதிகாரி சுட்டு அனுப்பிய ஆந்தை புது இனம் என்று கண்டு, தான் நடத்திய 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' இதழில் 1873-ல் அறிவித்தார். மேலிடத்தை வெளிப்படையாக விமர்சித்ததால் 1879-ல் செயலாளர் பதவி போச்சு. ஆனாலும் இந்தியப் பறவைகள் பற்றிய பெரிய புத்தகத்துக்கான வேலை நிற்கவில்லை.

அடுத்து விழுந்ததுதான் பெரிய அடி. ஒரு குளிர்காலம் முடிந்து சிம்லா வீட்டுக்குத் திரும்பினால், 25 வருஷக் கையெழுத்துப் பிரதிகள் காணோம். வேலைக்காரர் ஒருவர் பழைய பேப்பர் விலைக்கு பஜாரில் போட்டுவிட்டாராம்! மனசு வெறுத்துப்போன ஹியூம், தோல்களும் முட்டைகளுமாகச் சேர்த்திருந்த சுமார் 82,000 மாதிரிகளை 1885-ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். அதே வருஷ டிசம்பரில்தான் பம்பாயில் காங்கிரஸின் முதல் மாநாடு. 1912-ல் லண்டனில் இறந்தார்.

அவர் பெயர் சூட்டிய ஆந்தையோ 1884-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. நடுவில் மெய்னர்ட்ஷாகன் என்ற ராணுவ அதிகாரி செய்த தில்லுமுல்லு வேறு. டேவிட்சன் என்பவர் 1880-களில் சேகரித்த மாதிரியை மியூசியத்திலிருந்து திருடி, 1914-ல் குஜராத்தில் தானே பிடித்ததாக லேபிள் ஒட்டிவிட்டார். அதை நம்பித் தேடியவர்களுக்கு ஏமாற்றம்தான் மிச்சம். அமெரிக்க ஆய்வாளர் பமேலா ராஸ்முசென் அந்தப் பொய்யைக் கண்டுபிடித்து, நம்பகமான பழைய லேபிள்கள் சொன்ன இடங்களுக்கே போனார். 1997 நவம்பரில், மகாராஷ்டிராவின் ஷஹாதா அருகே, பட்டப்பகலில் ஆந்தை உட்கார்ந்திருந்தது. 113 வருஷம் கழித்து!

அதன் பிறகு பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டி ஆய்வாளர்கள், அது மரப்பொந்துகளில் குஞ்சு பொரிப்பதையும் ஆராய்ந்தார்கள். 2014-ல் யாரும் எதிர்பார்க்காத இன்னொரு இடத்திலும் தென்பட்டது: மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில், மும்பைக்குப் பக்கத்து தான்சா சரணாலயம்.