விளக்கப் படங்களின் ஆசான் வால்ட் டிஸ்னி

காஞ்சியில் வாழும் நமக்குப் படங்களால் பாடம் கற்பது புதிதன்று. வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுற்று மண்டபத்தில் பல்லவ மன்னர்களின் வரலாறு வரிசை வரிசையாகச் சிற்பங்களில் செதுக்கப்பட்டுள்ளது. நம் தேவாலயங்களில் சிலுவைப் பாதையின் 14 நிலைகளும் படங்களாகவே நம்மோடு பேசுகின்றன. எழுத்தறியாதவரும் அவற்றைக் கண்டு பொருள் உணர்வர். அத்தகைய படங்களை அசையவும் பேசவும் வைத்தவர்களுள் முன்னிற்பவர் வால்ட் டிஸ்னி. மிக்கி எலியை அறியாத மாணவி நம்முள் இல்லை. ஆயினும், கடினமான தொழில்நுட்பத்தையும் சித்திரத்தால் விளக்கியவர் அவர் என்பதை நம்மில் பலர் அறியோம்.

டிஸ்னி 1901 டிசம்பர் 5-ஆம் நாள் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் கான்சாஸ் நகரில் விடியுமுன் எழுந்து, பனியிலும் வீடுவீடாகச் செய்தித்தாள் போட்டார். 1922-இல் அந்நகரிலேயே ஒரு படக் கம்பெனி தொடங்கினார். கடன் பெருகியது. அவ்வேளையில் பல் மருத்துவர் ஒருவர், பல் துலக்கும் நன்மையைக் குழந்தைகளுக்கு உணர்த்த ஒரு படம் எடுத்துத் தரக் கேட்டார். கூலி 500 டாலர். ஆனால், பேச வரும்படி மருத்துவர் அழைத்தபோது டிஸ்னியால் போக முடியவில்லையாம். அவரிடமிருந்த ஒரே ஜோடி காலணி செருப்புத் தைப்பவரிடம் இருந்தது. அதை மீட்க ஒன்றரை டாலர் கையில் இல்லை. மருத்துவரே அப்பணத்தைக் கொடுத்து உதவினார் என்பர். ஒரு விளக்கப் படமே அன்று அவருக்குச் சோறிட்டது.

அடுத்த ஆண்டே அக்கம்பெனி திவாலாயிற்று. டிஸ்னி மனம் தளரவில்லை. ஹாலிவுட் சென்று, அண்ணன் ராயுடன் மீண்டும் தொழில் தொடங்கினார். 1928-இல் மிக்கி எலியும் 1937-இல் ஸ்நோ ஒயிட்டும் அவரை உலகப் புகழுக்கு உயர்த்தின.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ஐரோப்பிய வருமானம் குன்றியது. 1941-இல் அவருடைய ஓவியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களிடம் அவர் பரிவு காட்டவில்லை என்ற குறை இன்றும் உண்டு. அந்நாளில் அவரைத் தாங்கியதும் விளக்கப் படங்களே. விமானத் தகடுகளை ரிவெட் ஆணிகளால் இணைப்பர். ஆணியின் தலை வெளியே துருத்தி நின்றால் விமானத்தின் வேகம் குறையும். தலை தகட்டோடு மட்டமாக அமைய நான்கு முறைகள் உண்டு. லாக்கீட் விமானக் கம்பெனிக்காக டிஸ்னி அவற்றைப் படமாக்கினார். மிக்கி இல்லை, வேடிக்கையும் இல்லை. தகட்டை வெட்டிப் பார்த்தாற்போல, கண்ணுக்கு எட்டாத உட்புறத்தைச் சித்திரம் காட்டியது. தொடர்ந்து கனடா அரசும் அமெரிக்கப் படைகளும் பயிற்சிப் படங்கள் கேட்டன. 1943-இல் மலேரியாக் கொசுவை ஒழிக்கும் வழிகளை ஏழு குள்ளர்களே செய்து காட்டினர்!

அவரது கூடத்தில், கதை முழுவதும் முதலில் சிறு படங்களாகப் பலகையில் குத்தப்படும். குழப்பம் தரும் படம் நீக்கப்படும், வரிசை மாற்றப்படும். அதன் பின்னரே ஒரு விநாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடும் திரைக்காக வரையத் தொடங்குவர். நம் ஊர் நெசவிலும் இதே ஒழுங்கைக் காண்கிறோம். புடவையில் வரும் மயிலை முதலில் கட்டத் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி, பின் ஜக்கார்டு அட்டைகளில் துளையிட்டு, அதன் பிறகே தறியில் ஏற்றுகின்றனர். தாளில் செய்த பிழை பட்டிலும் வரும் அல்லவா?

டிஸ்னி 1966 டிசம்பர் 15-இல் மறைந்தார். அவரிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று. அறிந்தவர் மெச்சுவதற்காக அன்று, அறியாதவர் புரிந்துகொள்வதற்காகவே விளக்கம் அமைய வேண்டும். இன்று கணினியில் நாமே இத்தகைய படங்களை ஆக்க முடிகிறது. வண்ணம் தீட்டுமுன், காண்பவருக்கு எது விளங்கவில்லை என்று கேட்போம். இறைவன் நமக்களித்த தாலந்தைப் புதைத்து வைக்காமல், பிறர் அறிவுக்கு விளக்காக ஏற்றிட முயல்வோமாக!