கடலோரம் சுற்றிய ஓவியர் டர்னர்

சவரக் கடைக்காரர் மகன் நாட்டுக்குச் சொத்து எழுதி வைத்த கதை

ஆண்டு 1811. ஜூலை மாதம்.

லண்டன் நகரிலிருந்து ஒருவர் மேற்கு நோக்கிப் புறப்பட்டார். வயது 36. குட்டையான உருவம், எடுப்பான மூக்கு. பையில் சில சிறிய நோட்டுப் புத்தகங்களும் பென்சில்களும் இருந்தன.

அவர் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை, வேலைக்குப் போனார். இங்கிலாந்தின் தென்கடற்கரை முழுவதையும் படமாக வரைய வேண்டும். அதுதான் வேலை.

அவர்தான் ஜே.எம்.டபிள்யூ. டர்னர். இங்கிலாந்து கண்ட ஓவியர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர்.

கடை வாசலில் படம்

டர்னர் 1775-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தந்தை வில்லியம் டர்னர் சவரக் கடை வைத்திருந்தார். பொய்முடியும் செய்து விற்றார். ஒரே தங்கை 1783-ல் சிறு வயதிலேயே இறந்துவிட்டாள். தாய்க்குச் சித்தம் கலங்கியது. 1800-ல் அவரை மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான்கு ஆண்டுக்குப் பின் அவர் காலமானார்.

வீட்டில் நிம்மதி இல்லை. ஆனால் பையனின் கையில் கலை இருந்தது. தந்தை அதைக் கண்டுகொண்டார். மகன் வரைந்த படங்களைக் கடையில் தொங்கவிட்டார். முடி வெட்ட வந்தவர்கள் சில ஷில்லிங் கொடுத்து அவற்றை வாங்கிப் போனார்கள்!

இளமையில் சிறிது காலம் டர்னரை மார்கேட் என்ற கடற்கரை ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே கடலோடு ஏற்பட்ட பாசம் கடைசிவரை விடவில்லை.

14-ம் வயதில் ராயல் அகாடமி ஓவியப் பள்ளியில் இடம் கிடைத்தது. 1796-ல் கண்காட்சியில் வைத்த முதல் எண்ணெய் வண்ண ஓவியமே கடல் காட்சிதான். தென்கரையை அடுத்த வைட் தீவுக்கு அருகே, நிலா வெளிச்சத்தில் அலையோடு போராடும் மீன்பிடி படகு அது. 26-ம் வயதிலேயே அகாடமியின் முழு உறுப்பினர் என்ற பெருமையும் வந்து சேர்ந்தது.

போர் அடைத்த வழி

அந்நாளில் இங்கிலாந்தின் பணக்காரர்கள் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் உல்லாசப் பயணம் போவார்கள். 1793-ல் பிரான்சோடு போர் மூண்டது. இடையில் சிறிது காலம் தவிர, 1815 வரை அது ஓயவில்லை. ஐரோப்பாவுக்குப் போகும் வழி அடைபட்டது.

வெளிநாடு போக முடியாதவர்கள் சொந்த நாட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். மலை எங்கே அழகு, கடல் எங்கே அழகு என்று தேடினார்கள். படம் போட்ட பயண நூல்களுக்கு நல்ல கிராக்கி ஏற்பட்டது.

வில்லியம் குக், ஜார்ஜ் குக் என்ற சகோதரர்கள் செப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சிடும் தொழில் செய்தவர்கள். அவர்கள் ஒரு திட்டம் போட்டார்கள். கிழக்கே கென்ட் கரையில் தொடங்கி, மேற்கே நாட்டின் முனையைச் சுற்றிக்கொண்டு, சாமர்செட் கரை வரை படங்கள் வெளியிட வேண்டும். பகுதி பகுதியாக விற்க வேண்டும். இதற்கு டர்னரே ஏற்றவர் என்று முடிவு செய்தார்கள்.

கூலி பெரிதல்ல. தொடக்கத்தில் ஒரு படத்துக்குப் பத்து கினிக்கும் குறைவு. கினி என்பது 21 ஷில்லிங். ஆனாலும் டர்னர் ஒப்புக்கொண்டார். ஏன்? ஓர் ஓவியத்தை ஒரு பிரபுதான் வாங்கி மாளிகையில் மாட்டுவார். அச்சுப் படமோ நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போகும்.

அதிசயப் புத்தகம்

பயணத்துக்கு டர்னர் செய்த ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது.

நதானியேல் கோல்ட்மன் என்பவர் வெளியிட்ட வழிகாட்டி நூல் ஒன்று அப்போது கிடைத்தது. எந்தச் சாலை எந்த ஊருக்குப் போகிறது, தூரம் எத்தனை மைல் என்று அதில் அச்சிட்டிருந்தது. டர்னர் அந்த நூலின் ஏடுகளுக்கு இடையே வெற்றுத் தாள்களைச் சேர்த்துப் பைண்டு செய்த பிரதியை எடுத்துக்கொண்டார்.

ஒரு பக்கம் வழி, மறுபக்கம் படம்! ஒரே புத்தகம் இரண்டு வேலை செய்தது.

அந்நாளில் ரயில் கிடையாது. குதிரை பூட்டிய கோச் வண்டி, படகு, இல்லையேல் கால்நடை. டர்னர் நல்ல நடைக்காரர். மீன் பிடிப்பதிலும் அவருக்குக் கொள்ளை ஆசை.

முதலில் டார்செட் பகுதி. பூல் துறைமுகம், இடிந்து நிற்கும் கோர்ப் கோட்டை, வட்டமாக வளைந்த லுல்வொர்த் குடாக்கடல், வேமத், லைம் ரீஜிஸ் என்று கரையோடு போனார். அடுத்து டெவன். அது அவருக்கு அந்நிய மண் அல்ல. தந்தை பிறந்த சவுத் மோல்டன் அங்கேதான் இருக்கிறது. டார்ட்மத், பிளிமத் துறைமுகங்களைப் பார்த்தார்.

பிறகு கார்ன்வால். பால்மத் துறைமுகம், கடல் வற்றும்போது நடந்தே போகக்கூடிய செயின்ட் மைக்கேல் குன்று, நாட்டின் மேற்கு முனையான லாண்ட்ஸ் எண்ட். அங்கிருந்து வடகரைக்குத் திரும்பி, டின்டாஜெல், கிளவெல்லி, இல்பிரகோம், மைன்ஹெட், வாட்செட் வழியாக வந்தார். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பயணம் முடிந்தது.

வழியில் அவர் வண்ணம் தீட்டிக்கொண்டு உட்காரவில்லை. பென்சிலால் விரைவாகச் சில கோடுகள், அவ்வளவுதான். குன்றின் வளைவு, கப்பலின் பாய்மரம், மீனவர் குடிசை எல்லாம் அந்தக் கோடுகளில் அடங்கின. வானத்தின் நிறத்தையும் அலையின் வேகத்தையும் மனம் குறித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து, ஆண்டுக்கணக்கில் அவற்றை வண்ணப் படமாக்கினார்.

அலையை ரசித்தவர்

1813-ல் டர்னர் மீண்டும் டெவனுக்குப் போனார். பிளிமத்திலிருந்து சில நண்பர்கள் பர்க் என்ற சிறு தீவுக்குப் படகில் கிளம்பினார்கள். நண்டு வகையைச் சேர்ந்த பெரிய சிங்கி இறால்களை அங்கே சமைத்துச் சாப்பிடுவது அவர்கள் எண்ணம்.

கடல் கொந்தளித்தது. படகு மேலும் கீழும் ஆடியது. உடன் வந்த ராணுவ அதிகாரி ஒருவர் தலைசுற்றிப் படுத்துவிட்டார். டர்னரோ படகின் பின்பக்கம் அசையாமல் உட்கார்ந்து, எழும்பி வரும் ஒவ்வோர் அலையையும் பார்த்துக்கொண்டே வந்தார். தீவை அடைந்ததும் மற்றவர்கள் சாப்பாட்டைக் கவனித்தார்கள். டர்னர் குன்றின் மேல் ஏறி நோட்டை எடுத்தார். அவர் வரைகிறாரா, எழுதுகிறாரா என்றே தெரியவில்லை; கை அவ்வளவு வேகம்! உடன் சென்ற பத்திரிகையாளர் சைரஸ் ரெடிங் இதைப் பின்னாளில் எழுதி வைத்தார்.

கவிதையும் கணக்கும்

டர்னருக்கு ஒரு மனக்குறை உண்டு. அவர் கவிஞராகவும் விரும்பினார். வழிகாட்டி நூலின் வெற்றுத் தாள்களில் படங்களோடு நீண்ட கவிதையும் எழுதியிருந்தார். படங்களுடன் தம் எழுத்தும் வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். பதிப்பாளர்கள் அதை ஏற்கவில்லை. உரை எழுதும் வேலை வில்லியம் கோம் என்ற எழுத்தாளருக்குப் போயிற்று. கோட்டில் சிங்கமாக இருந்தவருக்குச் சொல் வசப்படவில்லை.

1814 முதல் 1826 வரை தென்கடற்கரைப் படங்கள் 16 பகுதிகளாக வெளிவந்தன. வேறு ஓவியர்களும் வரைந்தார்கள். டர்னரின் படங்கள் மட்டும் 40.

வேலை எளிதல்ல. டர்னர் வண்ணத்தில் தீட்டிய சிறு படத்தைச் செதுக்குபவர் செப்புத் தகட்டில் வெறும் கோடுகளாக மாற்ற வேண்டும். நீல வானமும் கருப்புக் கோடு. மஞ்சள் வெயிலும் கருப்புக் கோடு! மாதிரிப் பிரதி வந்ததும் டர்னர் உட்கார்ந்து திருத்துவார். இங்கே இருட்டு, அங்கே வெளிச்சம் என்று குறிப்பார். மனம் நிறையும் வரை விடமாட்டார்.

பணத்திலும் அப்படித்தான். தொடர்ந்து வரைய வேண்டுமானால், கூலியோடு நல்ல தாளில் எடுத்த முதல் அச்சுப் படங்கள் 25 தொகுப்பும் வேண்டும் என்று கேட்டார். இல்லாவிட்டால் போட்டியாகத் தாமே ஒரு கடற்கரை நூல் வெளியிடுவதாக மிரட்டினார். 1827 ஜனவரி முதல் நாள் வில்லியம் குக் வருத்தத்தோடு நீண்ட கடிதம் எழுதினார். 16 ஆண்டு உறவு முறிந்தது.

டர்னர் கஞ்சன் என்று ஊர் பேசியது.

கடைசி ஆசை

வயதான தந்தை கடையை விட்டுவிட்டு மகனோடு வந்து இருந்தார். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவதும், முடிந்த படத்துக்கு வார்னிஷ் பூசுவதும் அவர் வேலை. 1829-ல் அவர் இறந்தபோது டர்னர் மிகவும் ஒடிந்துபோனார்.

டர்னர் மணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில், தேம்ஸ் நதிக் கரையில் செல்சி என்ற இடத்தில் வேறு பெயரில் வாழ்ந்தார். அக்கம்பக்கத்தார் அவரை ஓய்வு பெற்ற கப்பற்படைத் தளபதி என்றே எண்ணினார்கள்! அங்கேயே 1851 டிசம்பர் 19-ம் நாள் காலமானார். புனித பால் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

பிறகு உயிலைப் பிரித்தார்கள். எல்லோரும் திகைத்துப் போனார்கள்.

அவர் விட்டுச் சென்ற செல்வம் சுமார் 1,40,000 பவுன். அதில் பெரும்பகுதி, வயது முதிர்ந்து வறுமையில் வாடும் ஓவியர்களுக்கு இல்லம் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார். முடிந்த ஓவியங்கள் நாட்டுக்கு! கினிக்குக் கினி கணக்குப் பார்த்தது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

உறவினர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1856-ல் வழக்கு முடிந்தது. பணம் உறவினர்களுக்குப் போயிற்று. ஏழை ஓவியர் இல்லம் எழும்பவே இல்லை. ஆனால் படங்கள் நாட்டுக்குக் கிடைத்தன. ஏறக்குறைய 300 எண்ணெய் வண்ண ஓவியங்கள். 30,000-க்கு மேற்பட்ட வரைபடங்களும் நீர்வண்ணப் படங்களும். சுமார் 300 நோட்டுப் புத்தகங்கள். வழிகாட்டி நூலைச் சேர்த்துக் கட்டிய அந்த அதிசயப் புத்தகமும் அவற்றுள் ஒன்று. இன்று அது லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது.

டர்னர் சுற்றிய அந்தக் கரையில் இப்போது மைன்ஹெட்டிலிருந்து பூல் வரை 630 மைல் நடைபாதை உண்டு. ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் அதில் நடக்கிறார்கள்.

இன்னும் ஒரு வேடிக்கை. 2020-ல் இங்கிலாந்து வங்கி புதிய 20 பவுன் நோட்டு வெளியிட்டது. அதில் அச்சிட்டிருக்கும் முகம் யாருடையது தெரியுமா? கூலிக்காகக் கடைசிவரை வாதாடிய அந்தச் சவரக் கடைக்காரர் மகனுடையதுதான்!