நிழலற்றோருக்கு நிழலான சௌந்தரம் அம்மா

அய்யா துணை



தாழ்ந்து கிடப்போரைத் தாங்கி நிற்பதே தருமம் என்று அறிந்தவர்கள் நாம். அந்தத் தருமத்தைத் திண்டுக்கல் சீமையிலே வாழ்நாளெல்லாம் நடத்திய ஒரு தாயின் வரலாற்றை இம்மாதம் சிந்திப்போம். அவர்தாம் டாக்டர் சௌந்தரம் அம்மா.

திருக்குறுங்குடியில் பிறந்து, மதுரையில் பேருந்துத் தொழிலால் பெயர் பெற்ற டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகளாக 1904 ஆகஸ்ட் 18ல் பிறந்தார். அக்கால வழக்கப்படி சிறுவயதிலேயே திருமணம் ஆயிற்று. கணவர் சௌந்தரராஜன் ஒரு மருத்துவர். மதுரையில் பிளேக் நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்த அவர், அந்நோய் தம்மையும் தொற்றி 1925ல் மாண்டார். அப்போது அம்மாவுக்கு இருபது வயது சொச்சம்.

கைம்பெண்ணுக்கு வீட்டில் ஒரு மூலைதான் என்றிருந்த காலம் அது. எவ்வளவு பெரிய மாளிகையானாலும் மூலை மூலைதானே! ஆனால் பெற்றோர் மகளை முடக்கி வைக்கவில்லை, படிக்க அனுப்பினார்கள். டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936ல் மருத்துவரானார். அங்கே உடன் பயின்ற சுசீலா நய்யார் வழியாகக் காந்தியடிகளின் தொண்டில் மனம் சென்றது.

அரிசனத் தொண்டராயிருந்த கேரளத்து ஜி.ராமச்சந்திரனை மணக்க விரும்பினார். கைம்பெண் மறுமணம், அதிலும் சாதி கடந்த மணம் என்பதால் குடும்பத்தில் எதிர்ப்பு எழுந்தது. ஓராண்டு பிரிந்திருந்து மனம் மாறாதிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் காந்தியடிகள். இருவர் மனமும் மாறவில்லை. 1940 நவம்பரில் அவர் முன்னிலையில் திருமணம் நடந்தது.

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டு, அக்டோபர் 7ல், சிறுமலை அடிவாரத்தில் சின்னாளபட்டிக்கு அருகே கணவரும் மனைவியுமாகக் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சின்னாளபட்டியில் இரண்டே படுக்கையோடு ஆரம்பித்த சிறு மருத்துவ விடுதிதான் பின்னர் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது.

நோய் தீர்ந்தாலும் போக இடமில்லாதவர்கள் உண்டல்லவா? கணவன் இறந்தவள், கைவிடப்பட்டவள், பிறந்த வீடும் கதவடைத்தவள் என்று எத்தனையோ பெண்கள்! அவர்களுக்காகக் கஸ்தூரிபா சேவிகாசிரமம் உண்டாயிற்று. அங்கே சோறும் பாயும் மட்டும் கொடுக்கவில்லை. விட்ட படிப்பைத் தொடர வைத்து, தொழில் பழக்கி, ஊருக்குத் தொண்டு செய்யும் சேவிகைகளாக ஆக்கினார்கள். பெற்றோர் இல்லாத பச்சைக் குழந்தைகளுக்குச் சௌபாக்கிய இல்லம் தாய்மடி ஆயிற்று. மூலையில் ஒதுங்கவிருந்த பெண் ஒருத்தி, எத்தனையோ பேருக்கு வீட்டு வாசலைத் திறந்து வைத்தார்!

பதவியும் அவரைத் தேடி வந்தது. 1952ல் ஆத்தூரிலும் 1957ல் வேடசந்தூரிலும் சட்டமன்றத்துக்கு வென்றார். 1962ல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றம் சென்று, மத்திய கல்வித் துணை அமைச்சரானார். அதே ஆண்டு பத்மபூஷண் விருது பெற்றார். 1967 தேர்தலில் தோற்றார். தொண்டு மட்டும் தோற்கவில்லை. 1984 அக்டோபர் 21ல் அம்மா மறைந்தபின்னும் அவர் நட்ட நிழல்மரம் காந்திகிராமத்தில் நிற்கிறது.

அன்பு மக்களே! வாரந்தோறும் அன்னம் வழங்குகிறோம். அது நல்ல தருமம். ஆனால் இலையை எடுத்தபின் அவர் எங்கே படுப்பார் என்று கேட்டோமா? திண்டுக்கல் பேருந்து நிலையத்திலும் ரயிலடியிலும் கடைத் திண்ணைகளிலும் இரவில் எத்தனை பேர் சுருண்டு கிடக்கிறார்கள்! தாங்கலுக்கு நாலு பேராகச் சேர்ந்து, மாதம் ஓர் இரவேனும் போவோம். அருகில் உட்கார்ந்து முதலில் பெயரைக் கேட்போம். நோயுற்றவரென்றால் 108ஐ அழைப்போம். குழந்தையென்றால் 1098க்குச் சொல்வோம். முதியவரை, அவர் சம்மதத்தோடு, வீடற்றோர் தங்குமிடத்தில் கொண்டு சேர்ப்போம். சேர்த்ததோடு விடாமல், மறுவாரம் போய்ப் பார்ப்போம். மறுபடி வரும் மனிதர்தாம் உறவு.

அம்மா தொடங்கியது இரண்டு படுக்கையில். நமக்கு ஒரு பாய் போதும், தொடங்க.

அய்யா உண்டு!