கிண்டலடிக்கப்பட்ட பெயர், ஊரே சொல்லும் பெயரானது! சிகாகோவின் வண்டிக்கார மேயர் ஆன்டன் செர்மாக்

உங்கள் பெயரை யாராவது வேணும்னே கோணலாக உச்சரித்துச் சிரித்திருக்கிறார்களா? `எந்த ஊரு நீ?' என்ற கேள்வியில் ஒரு நக்கல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா? வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஊர் மாறிப் போன யாருக்கும் இந்த அனுபவம் புதுசு இல்லை. அப்படின்னா, 1931-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்த மேயர் தேர்தலைப் பற்றி நீங்கள் கட்டாயம் தெரிஞ்சுக்கணும்.

அன்றைய மேயர் வில்லியம் ஹேல் தாம்சன், குடியரசுக் கட்சிக்காரர். வசதியான குடும்பம், மேடை ஏறினால் சிரிக்கவைக்கும் பேச்சு. அவரை எதிர்த்து நின்றவர் ஜனநாயகக் கட்சியின் ஆன்டன் செர்மாக். தாம்சன் எடுத்த ஆயுதம் என்ன தெரியுமா? எதிராளியின் பெயர். வாயில் நுழையாத பெயர், வண்டி தள்ளியவன், எங்கிருந்தோ வந்தவன் என்று மேடைக்கு மேடை கேலி செய்தார். மக்களும் சிரித்தார்கள். ஆனால், ஓட்டை மாற்றிப் போட்டார்கள்!

அந்த ஓட்டுகளைச் சேர்க்க செர்மாக்குக்கு ஏறக்குறைய 30 வருஷம் ஆனது.

சுரங்கத்திலிருந்து குதிரை வண்டிக்கு

1873 மே 9-ம் தேதி, இன்றைய செக் குடியரசில் இருக்கும் கிளாட்னோ என்ற ஊரில் பிறந்தார் செர்மாக். அப்போது அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பொஹீமியா பகுதி. அடுத்த ஆண்டே குடும்பம் அவரைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இல்லினாய் மாநிலத்தின் பிரெய்ட்வுட் என்ற நிலக்கரி ஊரில் அப்பாவுக்குச் சுரங்க வேலை. பள்ளியில் படித்தது கொஞ்சம்தான். சின்ன வயதிலேயே மகனும் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டார்.

டீன் ஏஜில் சிகாகோவுக்கு வந்தார். குதிரைகள் இழுக்கும் டிராம் கம்பெனியில் எடுபிடி வேலை. கொஞ்சம் காசு சேர்ந்ததும் சொந்தமாக ஒரு குதிரையும் வண்டியும் வாங்கி விறகு விற்றார். பின்னாளில் தாம்சன் கிண்டலடித்தது இந்த வண்டியைத்தான். ஆனால், வீடு வீடாக விறகு போடுகிறவருக்குத் தெரு முழுக்க ஆட்கள் பழக்கமாகிவிடுவார்கள், இல்லையா? செக் மக்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதிகளில் அவரைத் தெரியாதவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். 1902-ல் இல்லினாய் மாநில சட்டமன்ற உறுப்பினர். 1909-ல் சிகாகோ நகர கவுன்சிலர்.

ஒரு கிளாஸ் பீரில் தொடங்கிய கூட்டணி

செர்மாக்கின் அரசியல் புரிய வேண்டுமென்றால் அன்றைய ஞாயிற்றுக்கிழமையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆறு நாள் ஆலையில் உழைப்பவர்களுக்கு அது ஒன்றுதான் லீவு. செக், ஜெர்மன் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு பீர் தோட்டங்களுக்குப் போய், பாட்டுக் கேட்டு, உறவினர்களைப் பார்த்துவிட்டு வருவார்கள். பல தலைமுறைகளாக அமெரிக்காவில் இருந்த சீர்திருத்தக்காரர்களுக்கு அது ஒழுக்கக்கேடு. ஞாயிறன்று மதுக்கடைகளை மூடு என்றார்கள். 1920-ல் நாடு முழுக்க மதுவிலக்கே வந்துவிட்டது.

இதை எதிர்க்க, குடியேறியவர்களின் சங்கங்கள் முன்பே ஒன்று சேர்ந்து ஓர் அமைப்பு நடத்திவந்தன. அதன் செயலாளர் செர்மாக். மது வியாபாரிகளின் பணமும் பின்னால் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அந்த வேலையில் அவர் ஒரு கணக்கைக் கற்றுக்கொண்டார். செக்காரர்கள் தனியாக நின்றால் சிறுபான்மை. போலந்துக்காரர்கள், யூதர்கள், இத்தாலியர்கள் எல்லோருக்கும் அதே நிலைதான். சேர்த்துக் கூட்டினால்? 1930-ல் சிகாகோவின் மக்கள்தொகை சுமார் 33.7 லட்சம். அதில் நாலில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர்!

1922-ல், சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுன்ட்டி நிர்வாகக் குழுவின் தலைவரானார். கட்சியோ ஐரிஷ் வம்சாவளித் தலைவர்களின் பிடியில் இருந்தது. அவர்களின் பெரும் தலைவர் ஜார்ஜ் பிரென்னன் 1928-ல் இறந்ததும், செர்மாக் மெல்ல மெல்லக் கட்சியைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். ஐரிஷ்காரர்களைத் துரத்தவில்லை, அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வேட்பாளர் பட்டியலில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஓர் இடம். இதுதான் அவருடைய ஃபார்முலா.

தாம்சன் அந்தப் பெயரைக் கேலி செய்தபோது, அதைக் கேட்ட ஒவ்வொரு போலந்துக்காரரும் இத்தாலியரும் அது தன் பெயருக்கும் விழுந்த அடி என்றே எடுத்துக்கொண்டார்கள். செர்மாக் 1.9 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். வெளிநாட்டில் பிறந்த ஒருவர் சிகாகோவின் மேயரானார்.

அந்தக் கூட்டணிக்கு வெளியே

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். எல்லோரையும் சேர்த்தார் என்று சொல்லி முடித்துவிட்டால் அது பொய்யாகிவிடும். சிகாகோவின் கறுப்பின மக்கள் பெரும்பாலும் தாம்சனின் கட்சிக்கே ஓட்டுப் போட்டுவந்தார்கள். செர்மாக் மேயரானதும் அவர்களின் பகுதிகளில் சூதாட்ட ஒழிப்பு என்ற பெயரில் போலீஸ் ரெய்டுகள் அடுத்தடுத்து நடந்தன. தாம்சன் காலத்தில் நகர நிர்வாகத்தில் சேர்ந்திருந்த கறுப்பின ஊழியர்கள் பலர் வேலை இழந்தார்கள். ஒதுக்கப்பட்ட வலி தெரிந்தவரே, தனக்கு ஓட்டுப் போடாதவர்களை ஒதுக்கினார். இதையும் சேர்த்துத்தான் அவரை மதிப்பிட வேண்டும்.

நாற்காலியும் சுகமாக இல்லை. பொருளாதாரப் பெருமந்தம் நகரத்தை நசுக்கியது. வரி வசூல் படுத்துவிட்டது. பள்ளி ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி. வாஷிங்டனிலிருந்து பணம் வந்தால்தான் வண்டி ஓடும் என்ற நிலை.

சிக்கல் என்னவென்றால், 1932-ல் சிகாகோவிலேயே நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில், ஜனாதிபதி வேட்பாளராக ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் வருவதை செர்மாக் ஆதரிக்கவில்லை. அவர் ஆதரித்தது ஆல் ஸ்மித்தை. ஜெயித்ததோ ரூஸ்வெல்ட்! சமாதானம் பேசியாக வேண்டும். ஓய்வுக் கடல் பயணம் முடித்து ரூஸ்வெல்ட் மயாமியில் இறங்குகிறார் என்பதால், செர்மாக்கும் அங்கே போனார்.

மயாமி இரவு

1933 பிப்ரவரி 15. பேஃப்ரன்ட் பூங்காவில் திறந்த காரில் உட்கார்ந்தபடியே சுருக்கமாகப் பேசி முடித்தார் ரூஸ்வெல்ட். செர்மாக் காரருகே போய் அவரிடம் பேசினார். சில நொடிகளில் துப்பாக்கிச் சத்தம். கூட்டத்தில் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று சுட்டவர் ஜூசெப்பே சங்காரா. இத்தாலியிலிருந்து வந்த கொத்தனார், அவரும் குடியேறியவர்தான். ஐந்து பேர் மீது குண்டு பாய்ந்தது. ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள் மீதான வெறுப்பில் சுட்டதாகச் சொன்ன சங்காரா, அடுத்த மாதமே மின்சார நாற்காலியில் மரண தண்டனை பெற்றார்.

அடிபட்ட செர்மாக்கைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார் ரூஸ்வெல்ட். 19 நாள்கள் போராட்டம். ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாகப் பதவியேற்ற இரண்டாவது நாள், மார்ச் 6 அன்று, 59 வயதில் செர்மாக் இறந்தார். ரூஸ்வெல்ட்டுக்குப் பதில் தான் அடிபட்டதில் மகிழ்ச்சி என்ற பொருளில் அவர் பேசியதாக ஒரு வாசகம் அவரது கல்லறையில் இருக்கிறது. உண்மையில் அவர் அப்படிச் சொன்னாரா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம் உண்டு. சிகாகோவின் மாஃபியா கும்பல் குறிவைத்ததே செர்மாக்கைத்தான் என்று ஒரு கதையும் சுற்றுகிறது. பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை.

அவர் கட்டிய கூட்டணி அவரைவிட நீண்ட நாள் வாழ்ந்தது. 1931-க்குப் பிறகு சிகாகோவில் குடியரசுக் கட்சி மேயர் ஒருவர்கூட வரவில்லை. அவர் இறந்ததும் 22-வது தெருவுக்கு செர்மாக் சாலை என்று பெயர் வைத்தார்கள். இன்றும் சிகாகோ ரயிலில் போனால், சீனர்கள் குடியேறிய பகுதிக்கு அருகே `செர்மாக்-சைனாடவுன்' என்றொரு ஸ்டேஷன் வரும். வாயில் நுழையாத பெயர் என்று தாம்சன் சிரித்தாரே... இப்போது அந்த ஊரில் வழி கேட்கிறவர்களும் சொல்கிறவர்களும் தினமும் அதைத்தான் உச்சரிக்கிறார்கள்.