நரேன் வளர்ந்த வீடு

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகிற நம்ம எல்லாருக்கும் விவேகானந்தா ஆசிரமம் தெரியும். முன்னால் சுவாமிஜி சிலையாக நிற்கிறார். ஆனால் அவரும் ஒரு காலத்தில் வேலை தேடி அலைந்த பட்டதாரிதான் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வட கல்கத்தாவில் கௌர்மோகன் முகர்ஜி தெருவில் அவர் பிறந்த வீடு இருக்கிறது. சிதிலமடைந்து கிடந்த அதை ராமகிருஷ்ண மிஷன் புதுப்பித்தது. 2004-ல் அப்துல் கலாம் திறந்து வைத்தார். போன விடுமுறையில் அங்கே போயிருந்தேன். அவர் பிறந்த இடத்தை இன்று வழிபாட்டு இடமாகவே பேணுகிறார்கள்.

1863 ஜனவரி 12-ல் பிறந்த நரேந்திரநாத், வீட்டில் செல்லமாக ‘பிலே’. அப்பா விசுவநாத தத்தர் வழக்கறிஞர். அம்மா புவனேசுவரி தேவி. பையன் பயங்கரக் குறும்பு. அடக்க முடியாமல் போனால், அம்மா சிவ நாமம் சொல்லித் தலையில் தண்ணீர் ஊற்றுவாராம்; உடனே அடங்கிவிடுவான். அப்பாவைத் தேடி வரும் கட்சிக்காரர்களுக்குச் சாதிவாரியாகத் தனித்தனி ஹூக்கா இருந்தது. சாதி எப்படிப் போகிறது, பார்த்துவிடலாமே என்று ஒவ்வொன்றிலும் வாய் வைத்துப் பார்த்தவன் அவன்! எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாத குணம் அப்பவே இருந்திருக்கிறது.

1884-ல் அப்பா திடீரென இறந்தார். வீட்டில் கடன். பி.ஏ. படித்த மூத்த மகன் வெறுங்காலோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். சில நாள், வெளியே விருந்து இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பட்டினி கிடந்தார். போதாததற்கு, இதே வீட்டுக்காக உறவினர்களோடு நீதிமன்ற வழக்கு வேறு.

குடும்பத்துக்காகக் காளியிடம் வேண்டிக்கொள்ளும்படி ஸ்ரீ ராமகிருஷ்ணரைக் கேட்டார். நீயே போய்க் கேள் என்று அனுப்பினார் குரு. மூன்று முறை சந்நிதிக்குப் போனார். மூன்று முறையும் பணம் கேட்க வாய் வரவில்லை. ஞானமும் பக்தியுமே கேட்டுத் திரும்பினார். கடைசியில், வீட்டாருக்குச் சாதாரணச் சோற்றுக்கும் துணிக்கும் குறை வராது என்று குரு ஆசி கூறினார்.

ஒன்பது ஆண்டுகளில், 1893-ல், சிகாகோ மேடை ஏறினார். உலகமே கொண்டாடிய பிறகும் அம்மாவை மறக்கவில்லை. 1902 ஜூலை 4-ல், 39 வயதில் மறையும் வரை அம்மாவின் வழக்கும் செலவும் அவர் கவலையாகவே இருந்தன. துறவு என்பது பொறுப்பிலிருந்து ஓடுவது இல்லை என்று அவர் வாழ்ந்து காட்டினார்.

பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே, மனம் தளரும்போது சிகாகோ விவேகானந்தரை நினைப்பதைவிட, வெறுங்காலோடு நடந்த அந்த நரேனை நினைத்துக்கொள்ளுங்கள்.